முட்டி வலி ஊரைத் தேடி

என் பாஸ்போர்ட்டில் இதுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை. எடுத்த புதிதில் கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்றாகக் காட்டினேன். அது கண்ட உலகம் அவ்வளவுதான். ஆனால் திருநெல்வேலிக்காரனுக்கு வெளிநாடு போக பாஸ்போர்ட் எதற்கு? விழுப்புரத்தைத் தாண்டினாலே மொழி மாறிவிடும், சாம்பார் மாறிவிடும், பஸ் கண்டக்டரின் கோபம்கூட வேறு ராகத்தில் வரும். அப்படிப்பட்ட ஒரு வெளிநாட்டுக்குப் போன சித்திரையில் போய்வந்தேன். உத்திரமேரூர்.

போன காரியம் கௌரவமானதல்ல. துப்பறியப் போனேன்.

நான் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக் கொடுக்கிறவன். அவ்வப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வேடுகள் தேர்வுக்கு வரும். படித்து, தரம் பார்த்து, பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். தேன்மொழி என்ற பெண்ணின் ஆய்வேடு அப்படித்தான் வந்தது. உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு கிராமம். அங்கே காலனிப் பெண்கள் நடவு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஏன்? அதுதான் ஆய்வு. எண்ணிக்கை, சதவீதம் எதுவும் கிடையாது. அந்தப் பெண்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி எழுதியது.

அந்தப் பேட்டிகளில் ஒரு விசேஷம் இருந்தது. எல்லாப் பெண்களும் முதலில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “முட்டி வலி, குனிஞ்சி நட முடியல.” பல தடவை போய்ப் பழகிய பிறகுதான் வேறு பேச்சு வருகிறது. வயலில் மற்றவர்களுக்கு டீ எவர்சில்வர் டம்ளரில் வரும். இவர்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். ஒருநாள் எல்லோரும் கூடிப் பேசி, இனி அந்த வயலில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் நிலக்காரரிடம் அதைச் சொல்ல முடியாது. ஆடு மேய்வது அவர் வரப்பில், கல்யாணம் காட்சிக்கு வருவது அவர் டிராக்டர். ஆகவே சண்டை வேண்டாம், எல்லோருக்கும் முட்டி வலி. இதுதான் தேன்மொழி கண்டு சொன்னது.

என்னோடு இந்த ஆய்வேட்டைப் பார்க்க வேண்டிய இன்னொரு தேர்வாளர் புள்ளிவிவரப் பேராசிரியர். எண்ணிப் பார்க்க முடியாத எதையும் நம்பாதவர். போனில் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் ஒரே முட்டி வலியாய்யா? பரீட்சையில காப்பி அடிக்கிற பையன்கூட ஒரு வார்த்தையை மாத்துவான். இவ ஊருக்கே போகலை. ரூம்ல உக்காந்து எழுதியிருக்கா. அதுவும் இவளே அந்தப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பம். ஒருதலைப்பட்சமா எழுதாம வேற எப்படி எழுதுவா? நான் நிராகரிக்கச் சொல்லி எழுதப் போறேன்.”

நிராகரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்குப் போகும். பொய்யாக எழுதியவள் என்று ஒரு தடவை பெயர் வாங்கினால் பிறகு எந்தக் கல்லூரியிலும் வாசற்படி ஏற முடியாது. அதே சமயம், பேராசிரியர் சொல்வதும் என்னைக் கொஞ்சம் அரித்தது. எல்லாருக்கும் ஒரே வாக்கியமா?

“அவசரப்படாதீங்க சார். நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். நீதியின் மேலுள்ள பற்று என்று நினைக்க வேண்டாம். கல்லூரி விடுமுறை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரவில்லை, என் மனைவி என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு தர்மசங்கடம். இப்படிப்பட்ட ஆய்வில் தகவல் சொன்னவர்களின் பெயரையும் ஊரையும் மறைத்துவிடுவார்கள். அவர்களைத் தேடிப் போகக் கூடாது என்பது நானே வருஷாவருஷம் வகுப்பில் நடத்துகிற முதல் பாடம். அந்தப் பாடத்தைப் பையில் மடித்து அடியில் வைத்து, மேலே இரண்டு சட்டைகளை வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

உத்திரமேரூரில் இறங்கியதும் பசி. பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தேன். “நாஷ்டா இன்னா சார்?” என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் அடுத்த தெருவுக்கு வழி கேட்கிறார் என்று நினைப்பார்கள். இட்லியும் வடகறியும் வந்தன. இட்லிக்கு மேலே வடகறியை ஊற்றி அதற்கு மேலே சாம்பாரையும் ஊற்றிவிட்டுப் போனார். எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்; திறந்த வாயில் ஒரு விள்ளல் போனது; பிறகு எதிர்க்கவில்லை.

சாயங்காலம் கல்வெட்டு மண்டபத்துக்குப் போனேன். குடவோலை முறைப்படி ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதியெல்லாம் அங்கே சுவரில் வெட்டியிருக்கிறது. பானையில் பெயர் போட வேண்டுமானால் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், படிப்பு வேண்டும், ஒழுக்கம் வேண்டும். நான் இருப்பது வாடகை வீடு. தேன்மொழி எழுதிய பெண்களுக்கோ ஒரு பிடி நிலம் கிடையாது. ஆக, நாங்கள் யாருமே பானைக்குள் விழ மாட்டோம் என்ற அளவில் எங்களுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினேன்.

மறுநாள் துப்பறிதல் தொடங்கியது. ஆய்வேட்டில் ஊர் வர்ணனை நன்றாகவே இருந்தது: ஏரிக்கரை, புளியமரங்கள், மாரியம்மன் கோயில், நீலப் பெயிண்ட் அடித்த தண்ணீர் டாங்க், காலனி முனையில் சின்ன சர்ச். இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் நிறுத்தத்தில் ஏரிக்கரை, புளியமரம், நீல டாங்க். அடடா, இதுதான் என்று எழுந்தேன். அதற்குள் பஸ் கிளம்பி அடுத்த நிறுத்தம் வந்தது. அங்கேயும் ஏரி, புளியமரம், நீல டாங்க். அதற்கடுத்த ஊரில் டாங்க் இரண்டு.

“சார், நீ எங்கதான் எறங்கணும்?” என்றார் கண்டக்டர்.

“ஏரிக்கரையில.”

“இங்க எல்லா ஊரும் ஏரிக்கரைதான் சார். ஏந்து ஏந்து உக்காராத, எனக்கே தல சுத்துது.”

அவர் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, சர்ச் கோபுரம் போல ஏதோ தெரிந்த ஓர் ஊரில் இறங்கிவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் அது செல்போன் டவர். சரி, இறங்கியது இறங்கியாகிவிட்டது. காலனிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஒருவர் எழுந்து சேர் போட்டார், இன்னொருவர் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சரோஜா என்று பெயர். அவர்தான் பேச்சில் முன்னே நின்றவர்.

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது என்பது என் வகுப்பில் இரண்டாவது பாடம். தண்ணீரைக் குடித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி: “இந்த ஊருக்குத்தானே தேன்மொழின்னு ஒரு பொண்ணு வந்து உங்ககிட்ட எல்லாம் பேசினது?”

“ஆமா சார்” என்றார் சரோஜா.

“நிறைய தடவை வந்தாங்க, இல்லையா?”

“வந்துகினே இருந்துச்சி சார்.”

“நடவு வேலையைப் பத்திக் கேட்டாங்க?”

“அதத்தான் கேட்டுச்சி.”

“முட்டி வலின்னு சொன்னீங்களா?”

“கீதே சார் முட்டி வலி! எல்லாருக்கும் கீது.” மற்ற பெண்களும் ஆளுக்கொரு முட்டியைத் தடவிக் காட்டினார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆய்வு உண்மை! பேராசிரியரின் மூக்கு உடைந்தது! ஒரே நாளில் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில், கடைசி ஆதாரமாகப் படத்தையும் காட்டிவிடலாம் என்று செல்போனைத் திறந்தேன். தேன்மொழி ஒரு கருத்தரங்கில் பேசிய படம் என்னிடம் இருந்தது. கண்ணாடி இல்லாமல் தேய்த்ததில் வேறு எதுவோ திறந்திருக்கிறது.

“இவங்கதானே?”

“இதேதான் சார்! அய்ய, கல்யாணம் ஆயிடுச்சா? சொல்லவேயில்ல பாரு” என்றார் சரோஜா. “மாப்ள கொஞ்சம் கட்டைதான். பரவால்ல, மூஞ்சி லட்சணமா கீது.”

வாங்கிப் பார்த்தேன். என் அக்கா மகள் கல்யாணப் படம். என் அக்கா மகள் பாளையங்கோட்டையைத் தாண்டி இதுவரை வந்ததில்லை.

சரியான படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். “இது யாரு சார்? உன் பொண்ணா?” என்றார் சரோஜா.

“அப்ப இந்த ஊருக்கு யாருமே வரலையா?”

“யாரும் வர்ல சார்.”

“பின்னே ஏன்ம்மா ஆமா ஆமான்னு சொன்னீங்க?”

சரோஜா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீ இன்னா ஆசையா கேட்டுகினு இருந்த! இந்த வெயில்ல அம்மாந் தூரம் வந்த ஆளுகிட்ட, இல்லன்னு சொல்லி மூஞ்ச வாட வெக்கறதா? அதான் ஆமான்னோம். இப்ப இன்னா கெட்டுப் போச்சி? கடல துண்றியா?”

தின்றேன். நன்றாக வறுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வெளியாள் கேள்வி கேட்டால் “நீ யாருலே?” என்று முதலில் திருப்பிக் கேட்பார்கள், அந்த நாகரிகமற்ற வழக்கத்தின் பயன் எனக்கு அன்றுதான் புரிந்தது. இந்தப் பெண்களிடம் நான் இன்னும் அரைமணி நேரம் கேட்டிருந்தால், ஆய்வேட்டை எழுதியதே அவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். அருமையான சரிபார்ப்பு. சரிபார்த்தது மட்டும் வேறு ஊரை.

அன்றிரவு மனைவியிடம் போனில் சொன்னேன். “உங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்லையே” என்றாள். “என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே பக்கத்து வீட்டுக்குத்தானே முதல்ல போனீங்க?” போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டு ஊர் திரும்ப முடிவு செய்தேன். செங்கல்பட்டுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். டீ ஆறட்டும் என்று காத்திருந்ததில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால், “வரும்” என்றார்கள். வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பைக் நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு.

“எங்க சார் போணும்? செங்கல்பட்டா? ஏறு. என் ஊரு முனையில வுட்றேன், அங்க ரெண்டு ரூட் பஸ்ஸும் வரும்.”

பெயர் ராஜவேலு. விவசாயி. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எனக்கு அதுதான் கஷ்டமாகிவிட்டது. பைக் கிளம்பியதும் தன் பேஜாரைச் சொல்ல ஆரம்பித்தார்.

“விவசாயமே பேஜாரா பூடுச்சி சார். நடவுக்கு ஆளே கெடைக்கல. காலனில அத்தன பொம்பளைங்க கீது. ஒருத்தியும் வயல்ல எறங்க மாட்டேன்றா. கேட்டா இன்னா சொல்றாளுங்க தெரியுமா?”

நான் அவர் காதுக்குக் கிட்டே குனிந்தேன். “என்ன சொல்றாங்க?”

“முட்டி வலி, குனிஞ்சி நட முடியலன்றாளுங்க. ஒருத்தி ரெண்டு பேருன்னா சரி. ஊர் மொத்தத்துக்கும் முட்டி வலி சார்! தண்ணியில ஏதோ கீதுன்னு பஞ்சாயத்துல சொல்லி டாங்க்கைக்கூட கழுவ வெச்சேன். நானே செங்கல்பட்டு போய் தைலம் வாங்கியாந்து வூட்டுக்கு ஒண்ணு குடுத்தேன். ஒண்ணும் கேக்கல.”

பைக்கிலிருந்து விழாமல் இருந்தது என் குலதெய்வத்தின் புண்ணியம். தேடினபோது கிடைக்காத ஊர், விட்டுவிட்டுக் கிளம்பினவனை வழியில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.

“உங்க நிலத்தைப் பார்க்கலாமா?” என்றேன்.

மகிழ்ந்துபோனார். ஏரிக்கரை, புளியமரம், நீல டாங்க், இந்த முறை நிஜமாகவே சின்ன சர்ச். வயலில் நடவு மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, வரிசை பல் போன சீப்பு மாதிரி விட்டு விட்டுப் போனது. வரப்பில் என்னை உட்கார வைத்து வீட்டிலிருந்து டீ வரவழைத்தார். ஒரு தூக்கில் டீ, ஒரு பையில் டம்ளர்கள். எனக்கும் அவருக்கும் மிஷின் ஓட்டுகிறவருக்கும் டம்ளர். மடை திருப்பிக்கொண்டிருந்த காலனிக்காரர் ஒருவருக்குப் பைக்குள்ளிருந்து பேப்பர் கப் தனியாக வந்தது. ராஜவேலு என்னிடம் மாட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் கை தானாகப் பைக்குள் போய், தானாக வேறு கப்பை எடுத்தது.

படித்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று எழுதினால்தான் கட்டுரை நேர்மையாக இருக்கும். டம்ளர் டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“வாங்க சார், நீங்களே அவங்கள ஒரு வார்த்த கேளுங்க. படிச்சவரு கேட்டா நெசத்தச் சொல்லும்” என்று ராஜவேலு என்னைக் காலனிக்கே கூட்டிப் போனார். அங்கே மல்லிகா என்ற பெண் வாசலில் குத்துக்காலிட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கம்பெனி கேன்டீனில் வேலை, அன்றைக்கு லீவு. சுற்றிலும் இன்னும் சில பெண்கள்.

“இன்னா மல்லிகா, முட்டி எப்டி கீது?” என்றார் ராஜவேலு.

“அப்டியேதான் கீது அண்ணா. ராத்திரில தூக்கமே இல்ல” என்றார் மல்லிகா, குத்துக்கால் மாறாமல்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஊரைக் கண்டுபிடித்துவிட்ட குஷி. “உங்ககிட்ட தேன்மொழின்னு ஒரு பொண்ணு வந்து பேசினாங்களே…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

மீன் ஆயும் கை நின்றது. எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ராஜவேலுவைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி என்னை. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. யாருக்குத் தெரியக் கூடாது என்று ஊரின் பெயரைக்கூட ஒருத்தி மறைத்தாளோ, அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

“எந்தத் தேன்மொழி?” என்றார் மல்லிகா. “அப்டி யாரையும் தெர்லியே சார்.”

“எங்களுக்கும் தெர்ல” என்றார்கள் மற்றவர்கள், ஒரே குரலில்.

“எந்தப் பொண்ணு சார்? இங்க எதுக்கு வந்துச்சி?” ராஜவேலு என் பக்கம் திரும்பினார்.

பொய்யாகத் தகவல் எழுதினாளா என்று ஒரு பெண்ணைச் சோதிக்க வந்த நான், வாழ்க்கையிலேயே மிக வேகமாக ஒரு பொய்யைத் தயாரித்தேன். “எனக்குச் சொந்தக்காரப் பொண்ணு. ஆராய்ச்சி பண்ணுது… முட்டி வலியைப் பத்தி. இந்தப் பக்கம் வந்திருக்குமோன்னு கேட்டேன்.”

“முட்டி வலிக்கே ஆராய்ச்சியா!” ராஜவேலுவின் முகம் மலர்ந்தது. “அப்ப அத்த மொதல்ல இங்க அனுப்பு சார். ஊர் முழுக்க கேசுதான்.”

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு வந்து மீன் சட்டிக்குப் பக்கத்திலிருந்த கீரைக் கட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. மல்லிகா ஒரே தாவல். சர்ச் சுவரைச் சுற்றி ஓடி, வாய்க்காலைத் தாண்டி, ஆட்டின் காதைப் பிடித்துக் கீரையைப் பிடுங்கிவிட்டார். எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவில்கூட அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. திரும்பும்போதுதான் ராஜவேலு நிற்பது நினைவு வந்திருக்கும். பாதி வழியில் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தார். இரண்டடி வைத்ததும் இடது முட்டிக்கு மாற்றினார்.

“பாத்தியா சார், எப்டி நொண்டுது. பாவம்” என்றார் ராஜவேலு உண்மையான இரக்கத்தோடு.

அவருக்கு ஒரு போன் வந்து, பேசிக்கொண்டே புளியமரத்துப் பக்கம் போனார். மல்லிகா மீன் சட்டிக்கு முன் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார்.

“கருவாட்டுக் கொழம்பு வாசன பட்டாலே தும்மிகினே இருக்கும், ஆனா ரெண்டாவது வாட்டி சோறு கேக்கும். அந்தப் பொண்ணையா கேக்கறீங்க? தெர்லியே சார்.”

“தெரியலைன்னா சரி” என்றேன்.

“அதுக்குப் பரீச்ச முடிஞ்சிதா?”

“இன்னும் இல்ல. நான்தான் பரீட்சை வைக்கிற ஆள்.”

கை மறுபடி நின்றது. இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். “நாங்க அத்த பாத்ததே இல்ல சார். நாங்க எதும் சொல்லவும் இல்ல. ஆனா பாஸ் பண்ணி வுட்ருங்க.”

ராஜவேலு என்னைப் பஸ் முனையில் இறக்கிவிட்டு, பஸ் வரும்வரை கூடவே நின்றார். ஜன்னல் வழியாக ஒரு பை கொடுத்தார். உள்ளே கத்திரிக்காய், கூடவே ஒரு பாட்டில் தைலம். “வயசாவுது சார், உனக்கும் தேவப்படும்” என்றார்.

திருநெல்வேலி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். யாருமே போகாத ஊரில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். மாதக்கணக்கில் அவள் சோறு தின்ற ஊரில் எல்லோரும் தெரியாது என்றார்கள். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. தேன்மொழி எதிரே நின்றாள். முகம் வெளிறியிருந்தது. நான் உத்திரமேரூர்ப் பக்கம் போய்வந்த சேதி யார் மூலமோ அவளுக்கு எட்டியிருக்கிறது. ‘அவர்களைப் போய்க் கேட்டுவிட்டானே, பாவி’ என்ற பயம் கண்ணில் தெரிந்தது. அவள் பயம் பட்டத்துக்காக மட்டும் இல்லை என்பது அந்த ஊரைப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.

பேராசிரியர் நேரே என்னிடம் வந்தார். “நீங்கதான் போனீங்களே. எந்த ஊரு? யாரைப் பார்த்தீங்க? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

“ஊர் கிடைக்கலை சார். வேற ஊர்ல இறங்கிட்டேன்” என்றேன். இரண்டாவது வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. “மூணு நாள் சுத்தியும் என்னால கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு ஊரை எழுதியிருக்கு இந்தப் பொண்ணு. தரத்துக்கு என்கிட்ட இருக்கிற முதல் சான்று அதுதான்.”

“எல்லாரும் ஒரே வாக்கியம் சொல்றாங்களே, அதுக்கு என்ன பதில்?”

“தனித்தனியா வலி வந்தா ஆளுக்கு ஒரு விதமாச் சொல்வாங்க சார். கூடிப் பேசி வெச்சாத்தான் ஒரே வாக்கியம் வரும். ரூம்ல உக்காந்து எழுதுற ஆளா இருந்தா நமக்குப் பிடிக்குமேன்னு பத்து விதமா மாத்தி எழுதியிருக்கும். இது மாத்தலை. அதைக் கேட்டுட்டு எழுந்து போகாம, அடுத்த வாக்கியம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கு.”

பேராசிரியர் விடவில்லை. “அதெல்லாம் சரிய்யா. ஒருத்தர் பேராவது சொல்லுங்க. நீங்க பார்த்த ஒருத்தர்.”

“யாரையும் பார்க்கலை சார்.”

“ஏன்? மூணு நாள் என்னதான் செஞ்சீங்க?”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு வலது முட்டியைத் தடவினேன்.

“முட்டி வலி சார். குனிய முடியல.”

தேன்மொழி விருட்டென்று தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தாள். நான் இடது முட்டிக்கு மாற்றினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேராசிரியர் நீளப் பெருமூச்சு விட்டார். “வயசாச்சுன்னா இப்படி வெயில்ல அலையக் கூடாதுய்யா” என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, நல்ல தைலம் ஏதாவது தெரியுமா என்று விசாரித்தார். அவருக்கும் கொஞ்ச நாளாக முட்டி சரியில்லையாம். பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜவேலு அவருடைய நிஜப் பெயர் இல்லை. மல்லிகா மல்லிகா இல்லை. நான் பஸ் ஏறியது செங்கல்பட்டுக்கும் இல்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு வலிக்கிற இடம் முட்டியும் இல்லை, அதையும் மாற்றிவிட்டேன்.